வள்ளத்தில் மோட்டார் மாட்டும் முன் கரையில் பிளக் தேடுங்கள்

"டீசல் எஞ்சினைக் கழற்றிப் போட்டுவிட்டு வள்ளத்துக்கு பேட்டரி வைத்தால் ஓடுமா?" இந்தக் கேள்வியை இப்போதெல்லாம் டீக்கடையில் உட்கார்ந்தால்கூட யாராவது கேட்டுவிடுகிறார்கள். ஓடும், அதில் சந்தேகமே வேண்டாம். சந்தேகம் எல்லாம் ஓடி முடித்துக் கரைக்கு வந்த பிறகுதான். பாக் நீரிணைப் பக்கம் நம் கடல் எவ்வளவு ஆழம் என்று உங்களுக்கே தெரியும், வள்ளத்தைத் தள்ளி நங்கூரம் போட்டுவிட்டு இடுப்பளவு தண்ணீரில் மீன்கூடையைத் தலையில் வைத்து நடந்து வருகிறோம். சார்ஜர் வயர் அங்கே வரைக்கும் வராது.

நான் ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடம் பக்கம் மோட்டாருக்குக் காயில் கட்டுவதும் வயரிங் வேலையும் செய்கிறவன். சித்தப்பாவின் நண்டுவலை வள்ளத்தை பேட்டரிக்கு மாற்றியபோது எல்லாரும் செய்கிற தப்பைத்தான் நானும் செய்தேன்: முதலில் மோட்டார், அப்புறம் பேட்டரி, கடைசியில் "சரி, சார்ஜ் எங்கே போடுவது?" வரிசை தலைகீழ். அதனால் இதை நான் செய்த வரிசையில் எழுதவில்லை, செய்திருக்க வேண்டிய வரிசையில் எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். "கப்பல்கள் மின்சாரத்துக்கு மாறுகின்றன" என்று செய்தியில் படிப்பது ஒரே விஷயம் இல்லை. பெரிய சரக்குக் கப்பல் பேட்டரியில் பெருங்கடலைத் தாண்டுவதில்லை. துறைமுகத்தில் கட்டி நிற்கும்போது தன் ஜெனரேட்டரை நிறுத்திவிட்டுக் கரையிலிருந்து கரண்ட் வாங்கிக்கொள்வது, அது ஒரு வகை. அதிலும் நிறைய கப்பல்களில் உள்ளே ஓடுவது 60 ஹெர்ட்ஸ், நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே நடுவில் மாற்றிக் கொடுக்கத் தனி இயந்திரம் வேண்டும். இரண்டாவது வகை இழுவைக் கப்பல்கள், அதாவது டக். 2024 ஆகஸ்டில் மத்திய அரசு தொடங்கிய பசுமை இழுவைக் கப்பல் திட்டத்தில் முதலில் எடுத்துக்கொண்ட நான்கு துறைமுகங்களில் நம் பக்கத்துத் தூத்துக்குடியும் ஒன்று. மூன்றாவது வகை, குறைந்த தூரம் போய்த் தினமும் அதே இடத்துக்குத் திரும்பி வருகிறவை. நமக்கு வேண்டியது இந்த மூன்றாவது.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் நார்வே போக வேண்டாம், வைக்கம் போங்கள். ஆமாம், பெரியார் போராடிய அதே வைக்கம்தான். அங்கிருந்து தவணக்கடவுக்கு 2017 ஜனவரியிலிருந்து 'ஆதித்யா' என்ற சோலார் படகு ஓடுகிறது, 75 பேர் ஏறலாம், கூரை முழுக்க பேனல், உள்ளே சுமார் 50 யூனிட் (கரண்ட் பில்லில் வருகிற அதே யூனிட்) பேட்டரி. கால் மணி நேரப் பயணம். ஏறி உட்கார்ந்ததும் படகு கிளம்பிவிட்டதா இல்லையா என்று பக்கத்து ஆளிடம் கேட்பீர்கள், அவ்வளவு அமைதி. கொச்சியில் 2023இல் தொடங்கிய வாட்டர் மெட்ரோவையும் அதே பயணத்தில் பார்த்துவிடலாம். ஆனால் அங்கே எல்லாம் காயல் தண்ணீர், மிதக்கும் ஜெட்டி, அதாவது படகுத்துறை, அந்த ஜெட்டியிலேயே சார்ஜர். அதை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்து நம் ஊரில் வைக்க முடியாது.

எந்தப் படகு ஒத்துவரும்?

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விசைப்படகு இப்போதைக்கு ஒத்துவராது. ஒரு நடைக்கு 300 லிட்டர் எரிக்கிற படகு என்று வைத்துக்கொண்டால், அதற்குச் சமமான பேட்டரி ஏழெட்டு டன் எடை வரும், அப்புறம் மீனை எங்கே வைப்பது? கரைக்குப் பக்கமாக நண்டுவலை, கணவாய், தூண்டில் என்று போய்விட்டுச் சில மணி நேரத்தில் திரும்புகிற ஃபைபர் வள்ளம் ஒத்துவரும். அதைவிட நன்றாக ஒத்துவருவது சுற்றுலாப் படகு. காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறை கூட்டிப்போகிற படகு, குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்குப் போகிற படகு, இவையெல்லாம் தூரம் குறைவு, வேகம் தேவையில்லை, வழியும் நேரமும் முன்கூட்டியே தெரியும். சத்தம் இல்லையென்றால் பறவையும் பறக்காமல் உட்கார்ந்திருக்கும். புதிதாக இதில் இறங்குகிறவர் சுற்றுலாப் படகில் கை பழகிவிட்டு மீன்பிடி வள்ளத்துக்கு வருவது நல்லது என்பது என் எண்ணம்.

படி 1: ஒரு மாதம் டீசல் நோட்டு எழுதுங்கள்

இதைச் சொன்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள். "தினம் எவ்வளவு எரிகிறது என்று எனக்குத் தெரியாதா?" என்று சித்தப்பாவும் கேட்டார். நாலு லிட்டர் என்றார். எழுதிப் பார்த்தால் வாடைக்காற்று எதிர்த்த நாளில் ஆறு, அமைதியான நாளில் மூன்றுக்கும் குறைவு. பேட்டரி வாங்க வேண்டியது அந்த ஆறுக்கு, சராசரிக்கு இல்லை. கிளம்பின நேரம், திரும்பின நேரம், காற்று எந்தப் பக்கம், எவ்வளவு ஊற்றினோம், இந்த நாலு மட்டும் எழுதினால் போதும். செல்போனில் ஜி.பி.எஸ். ஓடவிட்டால் தூரமும் வேகமும் தானாகப் பதிவாகும்.

இப்போது கணக்கு. ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 யூனிட் அளவு சக்தி இருக்கிறது, ஆனால் சின்ன எஞ்சினில் அதில் முக்கால்வாசி சூடாகவும் புகையாகவும் போய்விடும். புரொப்பல்லருக்குப் போய்ச் சேருவது லிட்டருக்கு 2.5 யூனிட் என்று நான் வைத்துக்கொள்வேன். நாலு லிட்டர் நாள் என்றால் 10 யூனிட், ஆறு லிட்டர் நாள் என்றால் 15. மோட்டாரிலும் கன்ட்ரோலரிலும் கொஞ்சம் வீணாகும், பேட்டரியை அடிமட்டம் வரை தீர்க்கவும் கூடாது. ஆகவே 20 யூனிட் பேட்டரி. "10 ஹெச்.பி. எஞ்சின் இருந்தது, அதே 10 ஹெச்.பி. மோட்டார் வேண்டும்" என்று போய் நிற்காதீர்கள், அந்த எஞ்சினை நீங்கள் ஒருநாளும் முழு விசையில் ஓட்டியிருக்க மாட்டீர்கள்.

வேகத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். வேகம் கொஞ்சம் கூடினால் இழுக்கும் கரண்ட் தாறுமாறாகக் கூடும். 5 நாட் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு நாட்டிக்கல் மைல்) வேகத்தில் 3 கிலோவாட் இழுக்கிற வள்ளம், 6 நாட் போக 5 கிலோவாட்டுக்கு மேல் கேட்கும். கையில் 16 யூனிட் இருந்தால் மெதுவாகப் போனால் 26 நாட்டிக்கல் மைல், அவசரப்பட்டால் 18. டீசலில் இந்த வித்தியாசம் கேனில் ஒளிந்துகொள்ளும், இங்கே மீட்டரில் கண்ணுக்கு நேராகக் குறையும்.

படி 2: கரை

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும்.

உங்கள் வள்ளம் எங்கே நிற்கிறது? ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், மூக்கையூர் மாதிரி ஜெட்டி இருக்கிற இடம் என்றால் படகிலேயே சார்ஜ் போடும் யோசனையைத் தொடலாம், அதற்கும் அந்த ஜெட்டி யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர்களிடம் அனுமதி வாங்க வேண்டும். வெறும் மணல் கரை என்றால் ஒரே வழிதான்: பேட்டரியைக் கழற்றித் தூக்கி வர வேண்டும். அதற்காகத்தான் 20 யூனிட்டையும் ஒரே பெட்டியாக வாங்காதீர்கள் என்கிறேன். 5 யூனிட் பெட்டியாக நாலு. ஒரு பெட்டி 45 முதல் 50 கிலோ இருக்கும், இரண்டு பேர் கம்பில் கோத்துத் தோளில் வைத்துக் கொண்டுவந்துவிடலாம். ஐஸ் பெட்டி தூக்குகிற ஆட்களுக்கு இது ஒரு பாரமே இல்லை. ஆனால் ஐஸ் பெட்டி தண்ணீரில் விழுந்தால் பரவாயில்லை, இது விழக் கூடாது. முதல் வாரம் என் மச்சான் சேற்றில் கால் வழுக்கி ஒரு பெட்டியை முங்க விட்டுவிட்டான். அதை மறுபடி உபயோகிக்கத் தைரியம் வரவில்லை. அப்புறம்தான் லாரி டியூபில் பலகை கட்டி மிதக்கவிட்டு இழுத்து வருகிறோம், இந்த யோசனை முதலிலேயே வந்திருக்கலாம்.

அடுத்தது கரண்ட். வீட்டில் இருக்கிற 15 ஆம்பியர் பிளக்கில் 3 கிலோவாட் வரை தைரியமாக எடுக்கலாம். 15 யூனிட் ஏற்ற ஐந்து மணி நேரம் ஆகும், வள்ளம் அதற்கு மேலேயே கரையில் கிடக்கிறது, ஆகவே ஃபாஸ்ட் சார்ஜர் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். ஆனால் வீட்டு இணைப்பில் இதைப் போடுவது தப்பு. தொழிலுக்குப் போகிற பேட்டரி வீட்டு உபயோகம் ஆகாது, தவிர மாதத்தில் 20 நாள் கடலுக்குப் போனாலே இரண்டு மாதத்தில் 600 யூனிட் வந்துவிடும், 500ஐத் தாண்டினால் ஸ்லாப் மாறி பில்லைப் பார்த்து வீட்டில் சண்டை வரும். மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்குப் போய் உதவிப் பொறியாளரைப் பார்த்து, என்ன வேலைக்கு, எத்தனை கிலோவாட் என்று எழுதிக் கொடுத்துத் தனி இணைப்பு கேளுங்கள்.

ஒரு வள்ளத்துக்கு இது போதும். பத்து வள்ளம் மாறினால்? பத்தும் ஒரே நேரம் மாட்டினால் 30 கிலோவாட். ஊர் ஓரத்து டிரான்ஸ்ஃபார்மர் 63 கே.வி.ஏ. என்றால் அதில் பாதியை நாமே எடுத்துக்கொள்கிறோம், அந்த நேரம் பார்த்துத் தெருவில் எல்லாரும் ஏ.சி. போட்டிருப்பார்கள். இந்தப் பிரச்சினை நமக்கு மட்டும் இல்லை. நார்வேயில் 2015இல் ஓடத் தொடங்கிய 'ஆம்பியர்', பேட்டரியில் கார்களை ஏற்றிக்கொண்டு கடலைக் கடக்கிற முதல் ஃபெர்ரி, அதற்கும் இதே கதைதான். ஒவ்வொரு கரையிலும் பத்து நிமிடத்தில் சார்ஜ் ஏற வேண்டும், இரண்டு கரையும் சின்ன ஊர்கள், அங்கிருந்த மின்கம்பி அந்தச் சுமையைத் தாங்காது. புதுக் கம்பி இழுப்பதற்குப் பதிலாகக் கரையிலேயே பெரிய பேட்டரி வைத்தார்கள். ஃபெர்ரி இல்லாத நேரத்தில் அது மெதுவாக நிரம்பும், ஃபெர்ரி வந்ததும் மொத்தமாகக் கொட்டும். கிராமத்துத் தண்ணீர்த் தொட்டி மாதிரி.

நமக்கு அதைவிடச் சுலபமான வழி இருக்கிறது. விடியுமுன் போகிற வள்ளம் முற்பகலில் திரும்பிவிடும், சார்ஜ் போடுகிற நேரம் பகல், பகல் என்றால் வெயில், ராமநாதபுரத்தில் வெயிலுக்கா பஞ்சம்? கமுதியில் 648 மெகாவாட் சோலார் நிலையம் 2016இலேயே வந்துவிட்டது, அந்த வெயில் கடற்கரையில் மட்டும் குறைந்தா அடிக்கிறது? ஒரு கிலோவாட் பேனல் ஒரு நாளைக்குச் சுமார் 4 யூனிட் கொடுக்கும். 15 யூனிட்டுக்கு 4 கிலோவாட், இடம் சுமார் 20 சதுர மீட்டர், அதாவது ஒரு வலைக் கொட்டகைக் கூரை. பேனலை வள்ளத்தில் மாட்டலாமா என்று கேட்பார்கள். வலை இழுக்கிற வள்ளத்தில் வேண்டாம், இரண்டு நாளில் மிதித்து உடைப்பார்கள். கொட்டகைக் கூரையில் மாட்டுங்கள், உப்பு படியும், வாரம் ஒருமுறை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கொட்டகையின் தரையைப் புயல் நேரத்தில் தண்ணீர் ஏறின அடையாளத்துக்கு மேலே வையுங்கள். அந்த அடையாளம் ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும், எஞ்சினியருக்குத் தெரியாது.

கொட்டகையில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., அதாவது கரண்ட் கசிந்தால் உடனே கட் பண்ணுகிற சுவிட்ச், கட்டாயம். ஈரக் கையும் வெறுங்காலுமாக வருகிற இடம், இதில் காசு மிச்சம் பிடிக்க நினைப்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள். எர்த் கம்பியை வருடம் ஒருமுறை தோண்டிப் பாருங்கள், உப்பு மண் அதைத் தின்றுவிடும்.

படி 3: பேட்டரி வாங்குவது

லித்தியத்தில் எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) என்று கேட்டு வாங்குங்கள். எடை கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் சூடு தாங்கும், தீப்பிடிக்கும் பயம் மற்ற லித்தியம் வகைகளைவிடக் குறைவு. ஈய பேட்டரி விலை குறைவு என்று ஆசைப்படாதீர்கள், அதே சக்திக்கு மூன்று மடங்கு கனம், அதிலும் பாதிக்கு மேல் தீர்த்தால் ஆயுள் போய்விடும்.

நான் முதலில் வாங்கியது வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கிற பெட்டி. விற்றவர் "தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது அண்ணே" என்றார். தண்ணீர் பட்டு ஒன்றும் ஆகவில்லை, உப்புக்காற்றுப் பட்டே கனெக்டர் பச்சை பூத்துவிட்டது. பெட்டியின் மேல் ஐ.பி.67 (தூசியும் தண்ணீரும் புகாத தரம்) என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், எழுதியிருந்தாலும் கனெக்டருக்கும் அதே தரம் இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள்.

நாலு பெட்டியையும் ஒன்றோடொன்று பேரலலாக இணைக்கும்போது நாலும் ஒரே வோல்ட்டில் இருக்க வேண்டும். ஒன்று நிறைந்தும் ஒன்று காலியாகவும் இருந்தால் இணைத்த நொடியில் நிறைந்தது காலியானதற்குள் பாயும், பேட்டரிக்குள் இருக்கிற பாதுகாப்பு சர்க்யூட்டான பி.எம்.எஸ். கட் ஆகும், இல்லாவிட்டால் ஸ்பானர் முனையில் பொறி பறக்கும். மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு இணைக்கும் பழக்கத்தை வீட்டில் பையன்களுக்கும் சொல்லிக்கொடுங்கள், ஏனென்றால் தினமும் மாட்டப்போவது அவர்கள்தான்.

படி 4: மாட்டுவது

ரெடிமேட் அவுட்போர்டு வாங்கினால் மாட்டுவது அரை நாள் வேலை, விலைதான் இடிக்கும். நாங்கள் பழைய எஞ்சின் இருந்த மேடையிலேயே மோட்டாரை உட்கார வைத்து, பெல்ட் போட்டு அதே ஷாஃப்டைச் சுற்ற விட்டோம்.

48 வோல்ட்தானே, ஷாக் அடிக்காது என்று அலட்சியம் வரும். வோல்ட் குறைந்தால் ஆம்பியர் கூடும். 5 கிலோவாட்டுக்கு 100 ஆம்பியர் ஓடுகிறது. இதில் ஒரு லக் (வயர் முனையில் அமுக்கி மாட்டுகிற உலோக முனை) சரியாக அமுங்காமல், அந்த இடத்தில் பத்து மில்லி ஓம் தடை நின்றால் 100 வாட் சூடு அந்த ஒரு புள்ளியில் இறங்கும், பழைய குண்டு பல்பை ஒயருக்குள் எரியவிட்ட மாதிரி. எங்களுக்கு மூன்றாவது வாரம் அதுதான் நடந்தது. கரைக்கு வந்து தொட்டுப் பார்த்தால் மற்ற லக் எல்லாம் குளிர்ச்சி, ஒன்றில் மட்டும் விரல் வைக்க முடியவில்லை, ஸ்லீவ் பழுப்பேறி உருகி ஒரு பக்கம் வழிந்திருந்தது. சுத்தியலால் அடித்து அமுக்கின லக் அது. அடித்தது நான்தான். ஹைட்ராலிக் கிரிம்பிங் டூல் வாடகைக்குக் கிடைத்தாலும் எடுங்கள். வயர் ஈயம் பூசின செம்பாக இருக்கட்டும், லக் மேல் கிரீஸ் தடவி, பசை உள்ள ஸ்லீவ் போட்டுச் சூடாக்கி மூடுங்கள். பேட்டரியை ஒட்டியே டி.சி. ஃபியூஸ், கை எட்டும் இடத்தில் டி.சி. ஐசொலேட்டர், அதாவது மொத்தமாகத் துண்டிக்கிற சுவிட்ச். வீட்டு எம்.சி.பி.யை இங்கே மாட்டக் கூடாது. ஷாஃப்டை உப்புநீர் அரிக்காமல் காக்கிற ஜிங்க் கட்டி அதில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஆம்பியர் மீட்டரை ஓட்டுகிறவர் கண்ணுக்கு நேராக வையுங்கள். நம் பக்கம் கடல்தாழை (கடலடியில் வளர்கிற புல்) புரொப்பல்லரில் சுற்றும். டீசலில் எஞ்சின் முனகும், காது சொல்லிவிடும். மோட்டார் முனகாது. வேகம் குறைந்து ஆம்பியர் மட்டும் ஏறினால் தாழை சுற்றியிருக்கிறது என்று அர்த்தம், நிறுத்தி எடுத்துவிட்டுப் போங்கள்.

படி 5: கடலுக்குப் போவது

முதல் பத்து நடை கரை தெரிகிற தூரத்தில் மட்டும். பேட்டரியை மூன்று பங்காகப் பிரித்துக்கொள்ளுங்கள்: போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, தொடக் கூடாத பங்கு ஒன்று. போகும்போது கச்சான் காற்று முதுகில் தள்ளினால் மீட்டர் குறையவே குறையாது, சந்தோஷமாக இருக்கும், திரும்பும்போது அதே காற்று முகத்தில் அடிக்கும்.

வேறு ஊர்க் கடல் என்றால் சார்ஜ் தீர்ந்தால் யாராவது கயிறு போட்டு இழுத்து வருவார்கள், கேலியோடு முடிந்துவிடும். ராமேஸ்வரம் பக்கம் அப்படி இல்லை. நீரோட்டம் நம்மைக் கேட்டுக்கொண்டு போவதில்லை, இலங்கை எல்லைக்கோடு எவ்வளவு கிட்டே இருக்கிறது என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். ஆகவே துடுப்பு, நங்கூரம், போதுமான கயிறு, தனி பேட்டரியில் ஓடும் ஜி.பி.எஸ். மற்றும் வயர்லெஸ். மோட்டார் பேட்டரியிலிருந்து வயர்லெஸ்ஸுக்கு கரண்ட் எடுக்காதீர்கள், ஒன்று போனால் இரண்டும் போகும். சித்தப்பா இதோடு ஒரு சின்னப் பாயும் சுருட்டி வைத்திருக்கிறார். "உன் மீட்டரை நம்புகிறேன் மகனே, ஆனால் பாயை எங்கப்பா கொடுத்தார்" என்றார், அதற்கு என்ன பதில் சொல்ல?

ஐப்பசி கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்தால் வலைக்கு முன்னால் பேட்டரியை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். பல நாள் சும்மா கிடக்கப் போகிறதென்றால் பாதி சார்ஜில் நிழலில் வையுங்கள், நிறைத்து வைக்காதீர்கள்.

காகிதம்

படகின் பதிவில் எஞ்சின் விவரம் இருக்கிறது. அதை மாற்றினால் மீன்வளத்துறை அலுவலகத்தில் சொல்ல வேண்டும், இன்சூரன்ஸ் இருந்தால் அங்கேயும். போகும்போதே ஒன்றை எழுத்தில் கேளுங்கள்: எஞ்சின் பொருத்தின நாட்டுப்படகுக்குக் கிடைக்கிற வருடத்துக்கு 4,400 லிட்டர் வரிவிலக்கு டீசல், எஞ்சினை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? லாபக் கணக்கே இதில்தான் மாறுகிறது. பங்க் விலையில் டீசல் போடுகிறவருக்கு மின்சாரம் பாதிக்கும் கீழே வரும், வரிவிலக்கு டீசலில் ஓட்டுகிறவருக்கு அந்த வித்தியாசம் சுருங்கிவிடும், பேட்டரிக் கடன் அடையக் கூடுதல் வருடம் ஆகும். இதை மறைத்துவிட்டு "ஆறு மாதத்தில் போட்ட காசு வந்துவிடும்" என்று சொல்கிற வியாபாரி வந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். பயணிகளை ஏற்றுகிற படகென்றால் உரிமம், லைஃப் ஜாக்கெட், ஆள் கணக்கு எல்லாம் தனி, கடல்சார் வாரியத்தில் முதலிலேயே பேசிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

கடைசியாக, கழற்றின டீசல் எஞ்சினை உடனே விற்காதீர்கள். ஒரு வாடைக் காலம், ஒரு கச்சான் காலம், இரண்டையும் பேட்டரியில் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். எங்கள் எஞ்சின் தார்ப்பாய் சுற்றி மாட்டுக்கொட்டகையில் கிடக்கிறது, மாதம் ஒருமுறை சித்தப்பா அதை ஸ்டார்ட் பண்ணி ஐந்து நிமிடம் ஓடவிட்டு, புகையைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு நிறுத்துகிறார்.